பௌர்ணமியில் பொய் சொன்ன பட்டை

அக்டோபர் 8
அருள்ராஜ் எனக்குச் செய்தது அநியாயம். முந்தாநாள் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் என் மனைவி மெஹ்ஜபீன் தொலைந்துபோனாள். மறதி நோய்க்காரி. எங்கிருந்தாலும் போனில் காட்டும் என்று அவன் கம்பெனி விற்ற பட்டையை அவள் கையில் கட்டியிருந்தேன். போனோ அவள் வீட்டிலேயே இருப்பதாகக் காட்டியது. விடிந்தபின் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் கிடைத்தாள், செருப்பில்லாமல்.

கேட்டால், "பாய், நீங்க சார்ஜ் போட மறந்திருப்பீங்க" என்கிறான். ஆயுசெல்லாம் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டியவன் நான். எனக்கா தெரியாது?

அக்டோபர் 13
ஒரு பொருளை எப்படி யோசித்து, உருவாக்கி, சோதிக்கிறார்கள் என்று போனில் பாடம் பார்க்கிறேன். இங்கிலீஷ். நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

"அத்தா, பரீட்சையா எழுதப்போறீங்க?" என்கிறாள் மகள் ஜீனத். சிரிக்கட்டும்.

அக்டோபர் 21
பாடம் சொல்கிறது: சொன்னபடி செய்தோமா என்பது ஒரு சோதனை. செய்தது புழங்குகிற இடத்தில் உதவுகிறதா என்பது வேறு சோதனை. பட்டையை எங்கே சோதித்தாய் என்று அருள்ராஜிடம் கேட்டேன்.

"ஊருக்கு வெளிய, வேங்கிக்கால்ல ஒரு வாரம் டெஸ்ட் பண்ணோம் பாய். சூப்பரா வேலை செஞ்சுது."

பௌர்ணமியிலா என்றேன்.

"அன்னிக்கு ரோட்டுல நடக்கவே முடியாதே பாய்!"

கார்த்திகை தீபத்துக்கு வரும் குழந்தைகளுக்கும் விற்கப்போகிறானாம்.

அக்டோபர் 22
மெஹ்ஜபீன் தாழ்ப்பாளைத் தடவுற சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுறேன்.

அக்டோபர் 30
பொருள் என்பது பட்டை மட்டுமல்ல. செல்போன் டவர், கூட்டம், திரையைப் பார்க்கிற ஆள் – எல்லாம் சேர்ந்ததுதான். ஒவ்வொன்றும் பழுதானால் என்ன ஆகும் என்று கேட்கவேண்டுமாம். கேட்டுக்கொண்டே வந்தேன். பார்க்கிற ஆள் நான். வயது எழுபத்தொன்று. நான் விழுந்துட்டா? அவளை யார் தேடுவாங்க?

பாடத்தை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 5
பௌர்ணமி. மெஹ்ஜபீனோடு ஜீனத்தை உட்காரவைத்தேன். பட்டையை என் கையில் கட்டிக்கொண்டு, அருள்ராஜை அவன் கடையில் திரைமுன் உட்காரவைத்தேன். "என்னைக் கண்டுபிடி."

"தொலைஞ்சிடாதீங்க பாய்!" – கிண்டல்.

கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. ரமணாசிரமம் அருகே நின்று அவனுக்குப் போன் போட்டேன். போகவில்லை. மறுபடியும் போட்டேன். அவளும் இப்படித்தானே நின்றிருப்பாள்?

திரும்பி வந்தபோது கடையில் அருள்ராஜ் இல்லை. திரையில் நான் கடையைவிட்டு நகரவே இல்லை; கூட்டத்தில் டவர் திணற, பட்டை கடைசியாகச் சொன்ன இடத்திலேயே திரை நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தான். என்னைத் தேடிக் கூட்டத்துக்குள் போயிருக்கிறான்.

"எங்க போனீங்க பாய்... பயந்துட்டேன்."

பயந்தான் அல்லவா. நல்லது.

நவம்பர் 6
செய்யவேண்டியவை.

அருள்ராஜ்: தீப விற்பனையை நிறுத்தவேண்டும். ஒப்புக்கொண்டான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, கூட்டத்தில் இதை நம்பாதீர்கள் என்று அவன் வாயாலேயே சொல்லவேண்டும். என்னிடம் மன்னிப்பும் கேட்கவேண்டும். கேட்கும்வரை விடமாட்டேன்.

நான்: அவன் சரிசெய்து புதுப் பட்டை கொண்டுவந்தால், பௌர்ணமியில் கட்டி நடக்கவேண்டும்.

ஜீனத்: திரையைப் பார்க்கப் பழகவேண்டும். அம்மாவின் ஜாக்கெட்டுகளில் போன் நம்பரைத் தைக்கவேண்டும். என் நம்பர் வேண்டாம். ஜீனத் நம்பர்.