இடது கை ஒன்றரை இன்ச் குறைவு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் தையல் மிஷினும் நலம்தானே?

என் மகளுக்கு முழங்காலிலும் மணிக்கட்டிலும் எலும்பு முண்டுமுண்டாகத் துருத்துகிறதே, அது பரம்பரை நோயாம். எலும்போடு குருத்தெலும்பும் சேர்ந்து புடைத்து வளருமாம். சிலருக்குக் கையே குட்டையாகிவிடுமாம். பெற்றவர்கள் இரண்டு பேரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நான் எதற்கு? எல்லாம் என் மனைவி வீட்டுச் சரக்கு. தாயையும் மகளையும் அங்கேயே அனுப்பிவிடப் போகிறேன். நம் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை என்று நீ நாலு வரி எழுதிக் கொடு. அவள் அண்ணன் வாயை அடைக்க வேண்டும்.

நான் மானேஜர் ஆகிவிட்டேன். வழக்கம்போல் ஒரு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பு. கடைச் சட்டை எதுவும் எனக்குச் சரியாக நிற்பதில்லை, மட்டமான தையல்.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

மானேஜர் ஆனதில் மகிழ்ச்சி. கூடவே கொஞ்சம் அறிவும் வரும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

கடைக்காரன் தையலில் குறை இல்லை. இருபது வருஷமாக உன் சட்டைக்கு இடது கையை ஒன்றரை இன்ச் குறைத்துத்தான் வெட்டுகிறேன். தோள்பட்டையில் புடைத்த எலும்புக்காக முதுகில் ஒரு மடிப்பும் வைக்கிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான் தைத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, அவனுக்குக் கல்யாணம் ஆகணும்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போய் எக்ஸ்ரே எடு. அவளிடம் மன்னிப்புக் கேள்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்த கை அது. கத்திரிக்கோல் பிடித்தவளெல்லாம் டாக்டரா?

நேற்றே இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டேன். "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று கேட்கிறது குழந்தை. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

இருபத்திரண்டாம் தேதி எனக்குப் பாராட்டு விழா. சட்டையையாவது அனுப்பு.

தம்பி

மார்ச் 18

மானேஜர் அவர்களுக்கு,

அப்பாவும் அதே மரத்திலிருந்துதான் விழுந்தாரா?

நீங்கள் கேட்ட நாலு வரியை எழுதிவிட்டேன். என் அளவு நோட்டில் உங்கள் பக்கத்தையும் அப்பாவின் பக்கத்தையும் கிழித்து, அதோடு சேர்த்து உங்கள் மைத்துனர் கையிலேயே கொடுத்தேன். இனி குழந்தையை டாக்டரிடம் காட்டப் போகும்போது நானும் கூடப் போவேன்.

சட்டை இத்துடன் வருகிறது. உங்கள் குடும்பத்தில்தான் யாருக்கும் எந்தக் குறையும் இல்லையே. அதனால் இந்த முறை இரண்டு கையையும் ஒரே அளவாக வெட்டியிருக்கிறேன். முதுகில் மடிப்பும் கிடையாது. போட்டுக்கொண்டு மேடை ஏறுங்கள்.

இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி