மூன்றாவது சாக்ஸ்

ஜனவரி 20, 1991. ஞாயிறு

சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துவிட்டு வந்ததும் தாள் எழுத உட்கார்ந்தேன். தை மாதக் கல்யாணங்கள். பேண்டில் பதினாலு பேர், ஆகவே பதினாலு தாள். ஒவ்வொன்றின் தலையிலும் வாசிப்பவர் பெயர், கீழே அவருக்கு உரிய சுரங்கள் மட்டும். பாட்டு டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்கிறார் அண்ணன் யாக்கோபு. பேண்டு மாஸ்டர் அவர்தான். இதுவரை ஒரு தாளும் எழுதியதில்லை.

சாக்ஸபோன்காரர்கள் ஐந்து பேர். மூன்றாவது சாக்ஸ் தாளில் ‘செந்தமிழன்’ என்று இவர் பெயரை எழுதும்போது மட்டும் ஒரு சுழி கூடுதலாகப் போடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். இவர் அந்தச் சுழியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 3

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: “மிஸ், உங்க பேண்டு மட்டும் ஏன் குதிக்கிற மாதிரி வாசிக்குது?”

இரண்டாம் உலக யுத்த சமயத்தில் பரங்கிமலை ராணுவ பேண்டில் அப்பா கிளாரினெட் வாசித்தார். அங்கே வந்து தங்கிய அமெரிக்கச் சிப்பாய்களின் நடன இசையைக் காதால் கேட்டே தாளில் இறக்கிக்கொண்டார். சுவிங். ஐந்து சாக்ஸ், நாலு டிரம்பெட், மூன்று டிராம்போன், பாஸ், டிரம்ஸ். பிறகு இந்த பேண்டை ஆரம்பித்து, சினிமாப் பாட்டையும் அந்த நடையிலேயே எழுதினார். அறுபதுகளில் காஞ்சிபுரம் வரை எங்களை விட்டால் ஆள் இல்லை. நாள் கிடைக்காமல் முகூர்த்தத்தையே மாற்றியவர்கள் உண்டு.

போன வருடம் அமெரிக்கன் லைப்ரரியில் ஒரு புத்தகம் படித்தேன். யுத்தம் முடிந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே அமெரிக்காவில் பெரிய பேண்டுகள் வரிசையாகக் கலைந்துவிட்டனவாம். அத்தனை பேரை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகக் கட்டுப்படியாகவில்லை. ஓரமாக நின்று பாடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் வந்துவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் மண்ணூருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிப்ரவரி 24

வந்து சேர்ந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் ரிசப்ஷன். மூன்று உருப்படி முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, “எல்லாம் சரி, பாடுறவங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டார். அண்ணன் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 10

பாஸ் வாசிக்கும் கண்ணப்பன் ஒத்திகைக்கு வரவில்லை. கம்பெனியில் பி ஷிப்ட். இரண்டு டிராம்போனும் இல்லை, அவர்களுக்கும் ஷிப்ட். இவருக்கும் கம்பெனி வேலைதான், ஆனால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

இவர் தாளைத் தனியாக வாசித்தால் என்ன பாட்டு என்றே தெரியாது. ஒரே சுரம் நாலு முறை, அரைப்படி கீழே, திரும்ப மேலே. மற்ற நாலு சாக்ஸும் சேரும்போதுதான் அதற்கு அர்த்தம். தனியாக எழுந்து நின்று வாசித்துக் கைதட்டல் வாங்கியதே இல்லை இந்த மனுஷர். ஒருநாளும் கேட்டதும் இல்லை.

ஏப்ரல் 14

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸுப்ரஜா என்று ஒரு பெண்ணை அண்ணன் பாட அழைத்து வந்தார். இருபது வயதுதான் இருக்கும். கூடவே அவள் அப்பா சம்பத்குமார், கையில் ஃபிளாஸ்க். “பாடட்டும், சந்தோஷம். ஆனா ஒம்போது மணிக்குள்ள ஆத்துக்கு வந்துடணும்” என்றார். கீபோர்டு வாசிக்க கேசவ் என்று ஒரு பையன்.

கீபோர்டில் வரிசையாகப் பொத்தான்கள். வால்ட்ஸ், டிஸ்கோ, ரும்பா. அடுத்தது சுவிங். அமுக்கினேன். டிரம்ஸும் பாஸும் சேர்ந்து கிளம்பின. கொஞ்சம் விறைப்பு, ஆனால் தாளம் துளியும் பிசகவில்லை. அப்பா பதினைந்து வருடம் பாடுபட்டு ஆட்களுக்கு ஏற்றிய நடை. நிறுத்த எந்தப் பொத்தான் என்று தெரியாமல் கேசவைக் கூப்பிட்டேன்.

பெண் நன்றாகப் பாடுகிறாள். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

மே 22

பஸ் இல்லை, கடை இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில், நேற்று ராத்திரி குண்டு வெடித்து நடந்ததை எழுதக் கை வரவில்லை. இவர் இன்னும் கம்பெனியிலிருந்து வரவில்லை.

மே 23

வந்துவிட்டார். நடந்தே வந்திருக்கிறார்.

ஜூன் 2

வைகாசிக் கல்யாணங்கள் பெரும்பாலும் தள்ளிப்போய்விட்டன. நடந்த ஒன்றிரண்டும் மேளத்தோடு சரி. ஆவணிக்குக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஸுப்ரஜாவைத்தான் கேட்கிறார்களாம்.

அண்ணன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். “இன்னா ஜாஸ்மின் பண்றது? பதினாலு பேர இனிமே கட்டி மேய்க்க முடியாது. ஆறு பேருக்கு எழுதிக் குடு.”

“யார் ஆறு பேர்?”

“நீதான் எழுதற. எது இல்லாம பாட்டு நிக்கும்னு உனக்குத்தான தெரியும்.”

எங்கள் பேண்டில் யாரையும் நின்றுகொள் என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படி. ஒத்திகை அன்று தாள் கொடுப்போம். தன் பெயர் போட்ட தாள் வராதவர் கருவியைப் பெட்டியில் வைத்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மரியாதையான ஏற்பாடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தாள் எழுதுகிறவள் நான் என்பது உறைக்கவே இல்லை.

ஜூன் 9

எழுதிப் பார்த்தேன். பாட்டு ஸுப்ரஜாவுக்கு. கீபோர்டு கேசவ். அண்ணனுடைய டிரம்பெட். முதல் சாக்ஸ் இனியவன், ஒரு டிராம்போன், டிரம்ஸ். ஆறு. மூன்றாவது சாக்ஸ் வரியை கேசவின் இடது கை வாசித்துவிடும். எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு இதுதான்.

இவர் அடுத்த அறையில் சாக்ஸ் வாயில் பொருத்தும் புது நாணல் ரீடை நனைத்துக்கொண்டிருந்தார். “ஆறு பேருனு மச்சான் சொன்னாரு. நம்மள வுட்டுற மாட்டாரு” என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை.

ஜூன் 14

ஏழாவதாக ஒரு தாள் எழுதிவிட்டேன். தேவையில்லாத வரி. இருந்தால் பாட்டு கெடாது, இல்லாவிட்டாலும் கெடாது. தலையில் இவர் பெயர், சுழியோடு.

ஜூன் 16, ஞாயிறு

ஒத்திகை. ஏழு பேருக்குத் தாள் கொடுத்தேன். அண்ணன் ஏழாவதைப் பார்த்துவிட்டு டிரம்பெட்டை எடுத்தார். தாள் வராதவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். கண்ணப்பன் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நாற்பது வருடமாகத் தெரிந்த மனிதர்.

ஆரம்பித்தார்கள். முதல் வரியே நாராசம். எல்லோரும் ஒரு படியில் நிற்க, இவர் மட்டும் ஒரு படி கீழே. ஸுப்ரஜா பாட்டை நிறுத்திவிட்டாள். மறுபடியும் வாசித்தார்கள், மறுபடியும் அதே. இவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, மூன்றாம் தடவையும் எழுதியது எழுதியபடியே வாசித்தார். சம்பத்குமார் ஃபிளாஸ்க்கை மூடினார்.

“மாப்ள, இன்னா ஆச்சு? காது அடச்சிக்கிச்சா?” என்றார் அண்ணன்.

“என் தப்புதான் மச்சான். கவனிக்கல” என்றார் இவர்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மீதி ஒத்திகையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆறு பேரோடு பாட்டு அழகாக வந்தது.

ஜூன் 17

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். இவர் வாசிப்பது டெனர் சாக்ஸ், அதற்கு எல்லாச் சுரத்தையும் ஒரு படி ஏற்றி எழுத வேண்டும். ‘டி’ என்று எழுதினால்தான் ‘ஸி’ கேட்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் ஏற்றவே இல்லை. கீபோர்டு வரியை அப்படியே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு தாளில்கூட இதை மறந்ததில்லை — இப்போது மட்டும் எப்படி மறந்தேன்? மறந்தேனா? வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அத்தனை பேர் நடுவில் அவர் என் தப்பு என்றாரே, அப்போது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? கேட்டவுடனே தெரிந்துவிட்டதே எனக்கு. தெரிந்துகொண்டே கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். சீ.

ஜூன் 18

சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“தெரியும்” என்றார். “மொத ரெண்டு சுரத்துலயே தெரிஞ்சிபோச்சு.”

“தெரிஞ்சா ஒரு படி ஏத்தி வாசிக்க வேண்டியதுதான? உங்களுக்கு அது பெரிய வேலையா?”

“உன் தாளு தப்பா இருக்காதுனு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தவன் நானு. ஒருவேள எனக்குத்தான் புரியலையோ, மூணாந் தபா சேந்துக்குமோனு பாத்தேன்.”

அண்ணனிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். துண்டைக் கொடியில் போட்டார். “வேணாம். அவரு ஆறு பேருதான் கேட்டாரு. நீ எதுக்கு ஏழு எழுதின?”

அழுதேன். அவர் டீ போட்டார்.

ஜூன் 23

ஆறு தாள் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 7

ஒத்திகை. இவர் வரவில்லை. கம்பெனியில் ஓ.டி. என்றார்.

ஜூலை 21

ஓ.டி.

ஆகஸ்ட் 4

ஷிப்ட் மாற்றச் சொல்லி இனி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாராம். சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். தினமும் சாயங்காலம் சாக்ஸை எடுத்துத் துடைக்கிறார், வாசிப்பதில்லை. சும்மா வாசியுங்களேன் என்றேன். “தனியா வாசிச்சா அது என்ன பாட்டு?” என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில் ரிசப்ஷன். ஆறு பேரின் முதல் கச்சேரி. இவருக்கு இன்று லீவுதான். வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஸுப்ரஜா பாட ஆரம்பித்ததும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட இலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் மூச்சு விடும் இடத்தில் டிரம்பெட், அதற்குக் கீழே டிராம்போன், அதற்கும் கீழே கேசவின் இடது கை. ஒவ்வொரு சுரமும் நான் வைத்த இடத்தில் இருந்தது. அண்ணன் இவ்வளவு சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. சம்பத்குமாரிடம் சொன்னபடி எட்டரைக்கு முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவர் சோறு வடித்து, ரசம் வைத்து, எனக்காகக் காத்திருந்தார். தட்டு வைத்துப் பரிமாறினார்.

“எப்டி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

பிறகு தட்டைப் பார்த்தபடியே, “என் எடம் காலியா தெரிஞ்சுதா?” என்றார்.

தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சாக்ஸைப் பற்றி இவரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“தெரியல” என்றேன்.

தலையாட்டினார். என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

“அப்ப சரியாத்தான் எழுதிகீற” என்றார்.