நிறுத்துமுன் ஒரு நிமிடம்

நான் மறுபடியும் டேர்போ வான்தான் வாங்கியிருக்கிறேன், மச்சான். கோபம் வந்தால் வரட்டும். நேற்றுக் கைதடி கழிந்ததும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். டேர்போவின் அந்த மெல்லிய விசில் எழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதோடு சேர்ந்து உன் குரலும் வந்தது: "உது எங்களுக்குச் சரிவராதடா." சரிவரும். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நீ கொடிகாமத்துத் தோட்டக்காரன். தண்ணீர் இறைக்கும் மெஷினோடு வளர்ந்தவன். எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுக்க வேண்டும் என்பது உன் கட்சி. நான் குருநகரான். படகு மோட்டரை முறுக்கிப் பிடித்து அலையில் ஏறியவன். போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போதான் என் கட்சி. இருவரும் சேர்ந்து வாடகை ஓட்டத்துக்கு வான் எடுத்தபோது, நான் பிடித்த பிடியில் டேர்போ வந்தது. "உவனுக்கு நல்ல ஒயில் வேணும், ஆற நேரம் வேணும். ரெண்டையும் ஆர் குடுக்கிறது?" என்று கேட்டாய். நான் சிரித்தேன்.

பிறகு யுத்தம் முற்றி, அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. டீசல் இல்லை, ஒயில் இல்லை. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓடினோம். போகிற இடமெல்லாம் பலகாரம் சுடுகிற வாசம். பழைய ஒயிலைச் சீலையில் வடித்துத் திரும்ப ஊற்றினோம். அதையெல்லாம் டேர்போ பொறுத்தது. ஓடிவந்த சூட்டோடு அணைத்தால் மட்டும் அதற்குள் நிற்கும் ஒயில் கருகிவிடும். ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் யாராவது "பொம்மர்!" என்று கத்தினால் நாங்கள் எல்லோரும் என்ன செய்தோம்? உடனே திறப்பைத் திருகி அணைத்தோம். எஞ்சின் இரைந்தால் குண்டு போடும் விமானம் எந்தப் பக்கம் வருகிறது என்று காதில் விழாது. காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினோம்.

அதன் பலன் மருதனார்மடத்தில் கிடைத்தது. சந்தைக்கு முன்னால் நிறுத்தித் திறப்பை எடுத்து மடியில் செருகிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. டேர்போ கசிந்து, எஞ்சின் தன் ஒயிலைத் தானே குடித்துக்கொண்டு அலறியது. நீலப் புகையில் சனம் சிதறியது. நீ ஒரு கீரைக்காரியின் ஈரச்சாக்கைப் பிடுங்கிக் காற்றுக்குழாயின் வாயை அடைத்தாய். இருமிக்கொண்டு அடங்கியது.

"நாளைக்கே உதைக் கழட்டுவம்."

"கழட்ட விடமாட்டன். அவங்கள் ஒயிலை மறிச்சாப்போலை என்ரை வானின்ரை நெஞ்சை நான் வெட்டோணுமோ?"

நீ குரலை உயர்த்தவில்லை. "என்ரை மனிசிக்கு மாதம் கிட்டுது, மச்சான். எங்களுக்கு வேறை வாகனம் இல்லை."

ஸ்பானரை நானே எடுத்துத் தந்தேன். டேர்போவைக் கழற்றினாய். சைக்கிள் ரியூப் துண்டால் காற்றுக்குழாயை நேரே பொருத்தி, பம்பில் எண்ணெய் வரத்தையும் குறைத்தாய். வான் மாட்டுவண்டிக்குச் சற்று முன்னால் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் மனைவிக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கிய அன்று யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு ஓடினோம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட விமான இரைச்சல். முன்னால் போனவர்கள் எல்லோரும் அணைத்துவிட்டு இறங்கி ஓடினார்கள். பழக்கத்தில் என் கையும் திறப்புக்குப் போனது. பற்றரி எப்போதோ செத்துவிட்டது. அணைத்தால் ஆள்பிடித்துத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

"நிப்பாட்டாதையுங்கோ, அண்ணை!" என்று அவள் பின்னாலிருந்து அலறினாள். நீ என் கையைத் தட்டிவிட்டாய். வெறும் பாலத்தில் நாங்கள் மட்டும் உருண்டோம். பயத்தில் நான் ஆகாயத்தைப் பார்த்துத் தூஷணத்தால் திட்டினேன். நீயும் சேர்ந்து திட்டினாய். கோயிலும் திருநீறுமாக இருந்த உன் வாயில் அப்படியொரு சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பெண்பிள்ளை பிறந்தாள். ஆசுபத்திரி வாசலில் நீ சொன்னாய்: "டேர்போ இருந்திருந்தா வந்து சேர்ந்திருக்கமாட்டம்." "இருந்திருந்தா பாலத்தைப் பாதி நேரத்திலை தாண்டியிருப்பம்" என்றேன் நான். அந்த வழக்கு முடியவே இல்லை. வலிகாமத்துச் சனம் முழுவதும் அதே பாலத்தால் இடம்பெயர்ந்த வருடம், மருந்து கிடைக்காத ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு என்னோடு சண்டை பிடிக்க ஆளில்லை.

நேற்று நான் ஏற்றிவந்தது உன் மகளைத்தான். வீட்டுப் படலையடியில் நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏன் மாமா, இன்னும் எங்கையும் போகவேணுமோ?"

"இல்லைப் பிள்ளை. உவன் கொஞ்சம் ஆறட்டும்."

அவளும் இறங்காமல் இருந்தாள். ஆற நேரம் வேணும் என்று நீ சொன்னது சரிதான், மச்சான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தை எங்களிடமிருந்து பறித்தவர்களின் பிழையை என் டேர்போவின் தலையில் நீ கட்டியதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். இப்போது அந்த ஒரு நிமிடம் என்னுடையது. எவன் கத்தினாலும் அது முடியுமுன் திறப்பில் கை வைக்கமாட்டேன்.

நேற்றும் முழுதாக ஓடவிட்டேன். பிறகுதான் நிறுத்தினேன்.