விஷாச்சின் பூத்த காலை

அன்புள்ள ஹம்சாவுக்கு,

உன் பெட்டியை அடுக்கிவிட்டேன். புடவை வேண்டாம், நைட்டி போதும் என்று நீ தங்கப்போகும் முதியோர் ஹோமில் சொன்னார்கள். ஒரே ஒரு புடவை வைத்திருக்கிறேன். நாளை உன்னை அங்கே கொண்டுவிட நான்தான் டிரைவ் பண்ண வேண்டும்.

இன்று காலை உன்னைப் பேர்லேண்ட் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனேன். நீ காலேஜில் வருடாவருடம் பாடம் நடத்திய அந்த முள்செடி, மஞ்சளாகப் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்வாய்: "வாசெலியா ஃபார்னேசியானாங்கற அறிவியல் பேருக்குள்ள ரோம்ல இருந்த ஒரு பிரபுவோட தோட்டம்தான் இருக்கு. அமெரிக்கப் பூர்வகுடிங்க வெச்ச பேரு விஷாச்சின். நிறைய முள்ளுன்னு அர்த்தம். அதுலதான் செடி இருக்கு."

கிளையை வளைத்து, "இது பேர் என்ன, சொல்லு" என்றேன்.

வெகுநேரம் பார்த்தாய். தொட்டபோது முள் உன் விரலில் குத்தியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்றாய்.

பிறகு கிளம்பும்போது, காரில் உனக்கு பெல்ட் போட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, "உங்க வைஃப் வரலையா அங்கிள்?" என்று கேட்டாய்.

வருவாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "இனிமே வர மாட்டா" என்றேன்.

"அச்சச்சோ" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். வீடு வரும்வரை விடவேயில்லை.

உன் கணவன்