பெட்டியோடு டீச்சரை ஏற்றாத படகு

தரணி அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இந்தத் தீவில் சுகம். உங்கள் முதுகுவலியும் தறிகளும் எப்படி? போன் பேசலாமென்றால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் சிக்னல். என்னைப் பார்த்தாலே அந்த ஏணி நடுங்குகிறது.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. நம் ஊர் நகரிக்கு வரலாமென்று பெட்டியும் பிள்ளைகளுமாகத் துறைக்குப் போனேன். படகுக்காரர் ஏழுமலை ஏற்றவில்லை.

"டீச்சரம்மா, நீ மட்டும் போய்ட்டு வா. பசங்க எங்க ஊட்ல மீன் துன்னுகினு இருக்கட்டும்."

"ஏன் நைனா, நான் ஓடிப்போவேனா?"

"முன்ன வந்த மூணு டீச்சரும் இப்டித்தான் பெட்டியோட போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. இனிமே அப்டி ஏத்தக் கூடாதுன்னு ஊர்ல பேசி வெச்சுகிறோம்."

பிள்ளைகளை அடகு வைக்க மனமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். தீவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

யஸ்வந்த் நண்டு பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். தரணிதான் பாவம். காற்றடித்தால் படகு இல்லை. இந்த மாதம் அக்கரையில் தடா ஊர்ப் பள்ளிக்கு ஒன்பது நாள்தான் போனாள். பத்தாம் வகுப்பு. கேட்டால், "பரவால்லம்மா" என்கிறாள்.

கொசுவத்தி, மிளகாய்த்தூள், எனக்கு ஒரு தைலம் வேண்டும். அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டுவந்து தரணியை அழைத்துப்போங்கள். அவளை மட்டுமென்றால் ஏற்றுவதாக ஏழுமலை சொல்லிவிட்டார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டு வர மாட்டாள்.

கடிதத்தை ஏழுமலைதான் தபாலில் போடுகிறார். படகு மோட்டாரை இழுத்துக் கிளப்பிவிட்டார், முடிக்கிறேன்.

ஷோபா