அப்பா ஆமை

தொலைவில் இருக்கும் என் மகனுக்கு, உன் அப்பன் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸம்மா எழுதும் கடிதம்.

நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன கேடு? போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இது. எழுதி, படம் பிடித்து உன் போனுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பூசி மெழுகாமல் எழுதும்மா என்றும் சொல்லியாயிற்று.

ஆஸ்பத்திரியில் உன் மகள் அழுவதைக் கேட்க முடியவில்லை என்று வேலையைச் சாக்கு வைத்து விமானம் ஏறினாய். உனக்கு மட்டும் பஞ்சு மனசு, எங்களுக்கெல்லாம் கருங்கல். உன் பெண்டாட்டி காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். பகல் முழுக்கக் காவல் நான். உன் பேச்சை எடுத்தால் அவள் போர்வையை மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு இங்கே டேப்லெட்டில் ஒரு விளையாட்டு கொடுக்கிறார்கள். கழுத்தில் அட்டை தொங்கும் ஓர் அம்மாள் வந்து, இது விளையாட்டு இல்லை ஐயா, வைத்தியம் என்றாள். அப்போ கண்ணாமூச்சி ஆடினா ஆபரேஷனா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே டேப்லெட்டை உன் மகள் கையில் கொடுத்தாள்.

கடலடியில் ஓர் ஆமை. பிள்ளை நிதானமாக மூச்சு விட்டால் நடக்கும். பயந்து படபடவென்று விட்டால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் துணைக்கு இன்னோர் ஆமை. தூரத்தில் இருப்பவர் தன் போனிலிருந்தே அதை நடத்தலாமாம். உன்னைச் சேர்த்தார்கள். முதல் நாள் ஒரு தடவை தொட்டாய், அதோடு சரி. ஓட்டுக்குள் போன அப்பா ஆமை தலையை நீட்டவே இல்லை. உன்னை எதிரில் உட்கார வைத்து வரைந்த மாதிரி இருந்தது. அப்படியும் உன் மகள், கிடைத்த சிப்பியில் பாதியை அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் நகருவாள். அப்பாவுக்குப் பசிக்குமாம்.

இந்தச் சனியனைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டேன் என்றுவிட்டு, முப்பத்திரண்டு நாளும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்த பிள்ளை, இப்போது தானே கையை நீட்டுகிறாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

போன வாரம் அவள் அசந்து தூங்கும்போது அதில் ஏதோ எழுத்து வந்து நின்றது. கீழே ஒரு சிவப்பு, ஒரு பச்சை. படிக்கத் தெரியாதவனுக்கு நிறம்தானே எழுத்து. பச்சை நல்லதுதானே என்று தொட்டேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கவா என்று கேட்டிருக்கிறது, பாவி. எழுந்தவள், உன்ன யாரு தாத்தா தொடச் சொன்னா என்று ஒரே கேள்வி கேட்டாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் நானே வாயைத் திறந்தேன். மூன்றாவது பாறையில் இடது பக்கம் திரும்பு, உடைந்த நங்கூரத்துக்குப் பின்னால் ரெண்டு சிப்பி, குகைக்குள் போகாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருட்டுத் தாத்தா, பாக்கவே மாட்டேன்னியே என்றாள். மூன்றே நாளில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். உன் ஆமை மட்டும் வரவில்லை. நீதான் அங்கிருந்து தொட்டுச் சம்மதிக்க வேண்டுமாம். நர்ஸம்மா உன் போனுக்கு மறுபடி அழைப்பு அனுப்பி நாலு நாளாகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதுகுத்தண்டில் ஊசி. முழங்காலை மடக்கி அசையாமல் படுக்க வேண்டும். அப்பா ஆமை வந்தாத்தான் படுப்பேன் என்கிறாள்.

உனக்கு ஆறு வயதில் தாடை கிழிந்தது. ஏழு தையல். நீ கத்துவதைக் கேட்க முடியாமல் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். எல்லாம் முடிந்து உள்ளே வந்தபோது நீ அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ மறந்திருப்பாய். எனக்கு மறதி வாய்க்கவில்லை. இந்த இடத்தில் நர்ஸம்மா பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்றேன்.

நேரில் வா என்று அதட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. கீழே இருப்பது என் கட்டைவிரல் ரேகை. ஒரு விரலால் நான் கெடுத்ததை ஒரு விரலால் நீ சரிசெய். அவள் கதவைப் பார்ப்பதற்கு முன்னால் செய்துவிடு.

நல்லா இருடா.

உன் அப்பன்