இரண்டு நாள் என் பையில் இருந்த சீட்டு

இங்கிலீஷில் எப்போதும் என்னைவிட ஒரு மார்க் கூட வாங்கிய என் செண்பகத்துக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. மஞ்சள் காமாலை பத்தொன்பது வயசுக்காரியை இப்படி வாரிக்கொண்டு போகும் என்று யார் நினைத்தோம்? உன்னை எடுத்த அன்று நீ வேலை பார்த்த அச்சாபீஸை மூடிவிட்டு அத்தனை பேரும் நாரணாபுரத்தில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உன் முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுத யாரு இருக்காக?" என்றார்.

அழுதுகொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கென்றால் இப்படி யார் வந்து அழுவார்கள் என்று. அப்போதும் பொறாமைதான், செண்பகம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம்மைத் தெரிந்தவர்களும் படிக்கட்டும், தெரியாதவர்களும் படிக்கட்டும்.

நீ வரும் வரைக்கும் நம் வகுப்பில் இங்கிலீஷுக்கு நான்தான் முதல். ஒன்பதாம் வகுப்புப் பாதியில், பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் என்று சொல்லி, உன்னை என் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள்.

அந்த வாரம்தான் எஸ்தர் டீச்சர் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு தேசத்தில் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த பிள்ளைகள் கூடாரத்தில் உட்கார்ந்து படிப்பதைப் பற்றிய கட்டுரை. தினம் ஒரு பத்தி. தெரியாத வார்த்தைக்கெல்லாம் மறுநாள் அர்த்தம் சொல்லி, வாக்கியத்தில் அமைக்க வேண்டும். ரெஃப்யூஜி, ஷெல்ட்டர், பார்டர் என்று நான் அப்பாவின் கிழிந்த அகராதியை வைத்து உருப்போட்டுக்கொண்டு வருவேன். நீயோ டீச்சர் கேட்டதுமே சொல்வாய். ரங்கூன்காரி, பிறக்கும்போதே இங்கிலீஷ் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

'ஹோம்சிக்' வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? என் அகராதியில் அந்தப் பக்கம் இல்லை. ஹோம் என்றால் வீடு, சிக் என்றால் நோய் என்று நானே கூட்டி, "வீட்ல நோயாளி இருக்கிறது டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. நீ எழுந்தாய். 'என் அம்மா ஊர் ஏக்கத்தில் ஹோம்சிக்காக இருக்கிறார், அதனால் நான் அப்படி இருக்க முடியாது' என்று அலுங்காமல் இங்கிலீஷில் சொன்னாய். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு உன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாக்கியத்தில் அமைக்க இவளிடம் ஒரு ரங்கூன் இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. வீட்டை இழந்து வந்தவளைப் பார்த்தா ஒருத்தி பொறாமைப்படுவாள்? நான் பட்டேன்.

பிறகு மதுரையில் இங்கிலீஷ் கட்டுரைப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருத்திதான் போகலாம். டீச்சர் உன்னைத் தேர்ந்தெடுத்தார். நீயோ அந்த வாரம் காய்ச்சலில் வரவில்லை.

"நீ அவ வீட்டு வழியாத்தான போற? இந்தச் சீட்டைக் குடுத்துரு. அவ அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரணும்" என்று என் கையில் கொடுத்தார்.

புதன் போனது, வியாழன் போனது. சீட்டு என் பையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்டபோது, "அவுக அப்பா அனுப்ப மாட்டேன்னுட்டாக டீச்சர்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! டீச்சர் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் உன் வீட்டுக்கு வந்தேன். தரையெல்லாம் ஒட்டிய தீப்பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. "வா தாயி, ரெண்டு நாளா எட்டிக்கூடப் பாக்கலயே" என்றார் உன் அம்மா, பசைக் கையோடு. நீ சுவரோரம் சாய்ந்துகொண்டு, அச்சுப் பிசகிய லேபிள்களின் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாய். லேபிளுக்கு ஒரு வார்த்தை. மேலே இங்கிலீஷ், கீழே பர்மிய எழுத்து, அதற்கும் கீழே தமிழ். கட்டுக் கட்டாக நூல் சுற்றி வைத்திருந்தாய்.

"ஒனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதா?" என்றேன்.

"எங்கிட்டுத் தெரியும்? அங்கன நான் படிச்சது பர்மீஸ்லதான்க்கா. மத்தியானம் நீங்கள்லாம் சாப்பிடையில டீச்சரோட டிக்‌ஷ்னரிய வாங்கி எழுதிக்கிருவேன்."

நீ ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. பிறவியிலேயே வந்த இங்கிலீஷ் என்றால் தாங்கியிருப்பேன். என்னை மாதிரியே ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி, என்னை முந்தினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சீட்டைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பிவிட்டேன்.

மதுரையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "என்ன தலைப்பு குடுத்தாக?" என்று மட்டும் கேட்டாய். 'நான் திரும்பிப் போக விரும்பும் இடம்' என்றேன். மறுநாள் நீயும் எழுதிக்கொண்டு வந்தாய், யாரும் கேட்காமல். டீச்சர் வகுப்பில் வாசித்தார். ரங்கூனைப் பற்றி ஒரு வரி இல்லை. கப்பலின் மேல்தளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கரை கண்ணில் பட்டதும் அம்மா சிரித்தாராம். அதன்பிறகு சிரிக்கவே இல்லையாம். அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று முடித்திருந்தாய்.

"அப்பா ஒன்ன அனுப்பியிருக்கலாமேம்மா" என்றார் டீச்சர்.

நீ ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அப்ப வீட்ல தோது இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இத்தனை வருஷத்தில் நீ கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அந்தப் பெருந்தன்மையும் என்னிடம் இல்லையே என்றுதான் எரிந்தேன்.

இப்போது மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. உன் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். எஸ்தர் டீச்சரும் வந்திருந்தார். பேச்சுவாக்கில் உன் அப்பாவிடம், "அன்னைக்கு நீங்க மதுரைக்கு அனுப்பியிருந்தா பிள்ளை ஆசைப்பட்டது நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்பா திகைத்துப்போனார். அன்றிலிருந்து, "நான் எப்பம்மா மாட்டேன்னேன்? எனக்குத்தான் மறந்துபோச்சா?" என்று உன் அம்மாவைத் துளைத்துக்கொண்டிருக்கிறாராம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அவர்முன் நின்று எல்லாவற்றையும் சொல்வேன். வெளியே போ என்றால் போவேன். அடுத்த ஞாயிறு மறுபடி வருவேன். செய்யாத தப்புக்கு உன் அப்பாவை இனி ஒரு நாள்கூடத் தலைகுனிய விடமாட்டேன். இது சத்தியம்.

ஆறு மாசம் மூத்தவள் என்பதற்காக நீ மனசார அக்கா என்று கூப்பிட்ட,
தனம்